என் தம்பியை நாங்கள் அழைத்த விதம்

1

போன ஜனவரியில் ஊருக்குப் போனபோது, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வைத்தே என் தம்பியை அவமானப்படுத்திவிட்டேன். அது எனக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. தெரியச் சொன்னவள் என் மகள்.

தம்பி பெயர் சேகர். பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது. எனக்கு ஐம்பத்தாறு வயது, அவன் இரண்டு வயது சின்னவன். எங்கள் அப்பா மில் தொழிலாளி. இருபத்திரண்டு வயதில், பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்து மாப்பிள்ளை என்று எனக்குக் கட்டிவைத்தார்கள். அன்றிலிருந்து பாரீசுக்கு வடக்கே, ரயிலில் அரை மணி நேரத்தில் வரும் ஒரு ஊரில் இருக்கிறேன். பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. முன்பெல்லாம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்விடுவேன். அம்மா இறந்த பிறகு போகவே மனம் வரவில்லை. ஆறு வருடம் கழித்து இந்த முறைதான் போனேன். மகள் தாராவும் கூட வந்தாள். அவளுக்கு இருபத்தைந்து.

கோயில் முனையில் ஆட்டோக்காரப் பையனுக்கு வழி சொன்னேன். "நேராப் போப்பா, ஊமையன் பெயிண்டு கடை இருக்கும் பாரு, அதுக்கு அடுத்த வீடு." சேகர் பெயிண்டு அடிக்கிற பட்டறை அது; எத்தனையோ வருடமாக அந்தத் தெருவுக்கு அதுதான் அடையாளம்.

"சேகர் அண்ணன் பட்டறையாக்கா?" என்றான் அவன். நான் ஆமாம் என்றேன். அதற்கு மேல் அதில் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

சேகரும் அவன் மனைவி செல்வியும் வாசலில் நின்றிருந்தார்கள். செல்விக்கும் காது கேட்காது. விழுப்புரத்துப் பெண். நான் பையை இறக்கி வைத்துவிட்டு, எப்போதும் செய்வதைச் செய்தேன். உள்ளங்கையால் என் வாயை இறுகப் பொத்தினேன், அவனைக் காட்டினேன், கையை நெஞ்சில் வைத்தேன். எங்கள் வீட்டில் அவன் பெயர் அதுதான். வாயைப் பொத்தினால் சேகர். அம்மா, அப்பா, நான், பக்கத்து வீட்டார், எல்லோருக்கும் அப்படித்தான்.

சேகர் என் கையைப் பார்த்தான். பிறகு செல்வியைப் பார்த்தான். செல்வி தரையைப் பார்த்தாள். அவன் லேசாகச் சிரித்து என் பையை எடுத்துக்கொண்டு திரும்பினான். பயணக் களைப்பில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது ஆட்டோவின் மறுபக்கமிருந்து தாரா இறங்கி வந்தாள். இரண்டு கைகளையும் தூக்கி ஏதோ சொன்னாள். சேகர் பையைக் கீழே போட்டுவிட்டான். அவன் முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. அவன் ஏதோ சொல்ல, அவள் பதில் சொல்ல, நடுவில் செல்வி புகுந்து திருத்த, மூவரும் சிரித்தார்கள். வாசலில் கால் மணி நேரம் பேசியிருப்பார்கள். நான் கையில் சாக்லேட் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

2

என் மகள் என்னோடு தமிழில் பேசுவதில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அம்மா என்பதைக்கூட மமோன் என்பாள். இங்கே பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. அவள் சொன்னதாக நான் இங்கே எழுதுவதெல்லாம் அநேகமாக பிரெஞ்சில் சொன்னவை.

மூன்று வருடத்துக்கு முன் அவள் வியாழக்கிழமை மாலைகளில் சைகை மொழி வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். வேலை கிடைக்க உதவும் என்று நினைத்தேன். கிடைக்கவும் செய்தது. காது கேளாத குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளியில் உதவியாளராக இருக்கிறாள். நான் காலையில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்துக் கேன்டீனுக்குப் போய், இருநூறு தட்டு அடுக்கி, காரட் சீவி, பிள்ளைகளுக்குப் பரிமாறி, துடைத்துவிட்டு நான்கு மணிக்கு வீடு திரும்புவேன். அவள் வருவதற்கு ஏழு மணி ஆகும். கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே சத்தமே இருக்காது. படிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன அக்டோபரில், வரும் கோடையில் சேகரையும் செல்வியையும் இங்கே கூப்பிடலாம் என்று ஆசைப்பட்டேன். அதற்கு, இவர்கள் என் வீட்டில்தான் தங்குவார்கள் என்று நகராட்சியில், இங்கே மெரி என்பார்கள், ஒரு காகிதம் வாங்க வேண்டும். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், கரண்டு பில் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். துணைக்குத் தாரா. கூடவே, சேகருடைய சின்ன வயது மருத்துவச் சான்றிதழையும் வைத்திருந்தேன். பிரெஞ்சில் படித்த பழைய காலத்து டாக்டர் ஒருவர் புதுச்சேரியில் எழுதிக் கொடுத்தது. மடிப்பில் கிழிந்து, அம்மா பின்னால் பசை போட்டுத் தாள் ஒட்டி வைத்திருந்தாள். யாரும் கேட்காமலே அதை எடுத்து கவுண்டரில் நீட்டினேன். "என் தம்பி சூர்-மூயே" என்றேன். செவிடும் ஊமையும் என்று பொருள். டாக்டர் எழுதிய அதே வார்த்தை.

"சூர், மதாம்" என்றாள் அந்தப் பெண், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

முப்பத்து நான்கு வருடமாக என் உச்சரிப்பை யாராவது திருத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு வார்த்தையையும் இன்னும் சத்தமாகச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாரா என் கையைப் பிடித்து இழுத்தாள். காது வரை சிவந்திருந்தாள்.

வெளியே வந்ததும் சொன்னாள். "மமோன், அவங்க உன் உச்சரிப்பைத் திருத்தல. மூயேங்கிற வார்த்தையை எடுக்கச் சொன்னாங்க. அதை இப்ப யாரும் சொல்றதில்ல."

"அது டாக்டரு எழுதுன வார்த்தை."

"அந்த டாக்டர் செத்துப்போயிட்டாரு. மாமா உயிரோட இருக்காரு."

அவள் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. மாமா என்று அவள் சொன்ன விதம்தான் உறைத்தது. நேற்று பார்த்துப் பேசிவிட்டு வந்தவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

3

சேகருடைய வாயாக நான் இருந்தேன். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நான் பின்னால் சொல்லப்போவது புரியாது.

அவனுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. எங்கள் இரண்டு பேருக்குள் ஒரு நூறு சைகை இருந்திருக்கும், நாங்களே உண்டாக்கியது. பசி, மழை, மில்லுக்குப் போகிற நேரம், தெருமுனை நாய், வயிற்றுவலி. மற்றவர்களுக்குப் பாதிதான் புரியும். கடையில், ஆஸ்பத்திரியில், உறவுக்காரர் வீட்டில், எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். "இன்னா சொல்றான் புஷ்பா?" அந்தக் கேள்வி வரும்போது நான் ஒரு சாண் வளர்ந்துவிடுவேன். படிப்பில் நான் சுமார், பார்ப்பதற்கும் சுமார். ஆனால் இது ஒன்று என்னிடம் மட்டும்தான் இருந்தது. அவன் சொல்வது எனக்கே புரியாதபோதும் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன். யாருக்குத் தெரியும்?

ஊமை என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை இல்லை. "என் ஊமப் புள்ள சாப்டானா?" என்றுதான் அம்மா வேலையிலிருந்து வந்ததும் கேட்பாள். அதில் வெல்லம் கரைந்திருக்கும். அதே வார்த்தையைத் தெருப் பிள்ளைகள் எறிந்தால் நான் கல்லெடுப்பேன். ஒரே சொல் வாசற்படிக்கு உள்ளே ஒன்றாகவும் வெளியே வேறாகவும் இருந்தது. அப்போது அது எனக்குக் குழப்பமாகத் தெரியவில்லை.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். குரல் வராதவன் என்று சொல்லத்தான் அந்தச் சொல் பிறந்திருக்க வேண்டும். பிறகு, குரல் வராதவனுக்குப் புத்தியும் வராது என்று ஜனங்கள் சேர்த்துக்கொண்டார்கள். பதில் சொல்லத் தெரியாத பிள்ளையை ஊமைக்கோட்டான் என்றார்கள். அப்புறம், உள்ளே எதையோ மறைக்கிறவனுக்கு ஊமைக்குசும்பன் என்று பெயர் வந்தது. முட்டாளும் அவனே, தந்திரக்காரனும் அவனே. என் தம்பி இரண்டுமாக இருந்திருக்கிறான், நாளைப் பொறுத்து.

செவிடும் அப்படித்தான். "செவிட்டுல ஒண்ணு உட்டேன்னா பாரு" என்று அப்பா என்னை மிரட்டுவார். அங்கே அது காதுக்குப் பக்கத்தில் ஓர் இடம், அவ்வளவுதான். அதே சொல் ஓர் ஆள்மேல் ஒட்டிக்கொண்ட பிறகு, காது நன்றாகக் கேட்கிறவன் கூப்பிட்டவுடன் திரும்பாவிட்டால் அவனை ஏசுவதற்கு ஆகிவிட்டது.

இதையெல்லாம் இப்போது எழுத முடிகிறது. அன்று எனக்கு இருந்த கவலை ஒன்றுதான், அவனுக்கு என்னைவிட்டால் வேறு வாய் வந்துவிடக் கூடாது.

4

அவனுக்கு இருபத்தேழு வயதானபோது, நான் பிரான்சுக்கு வந்து சில வருடம் கழித்து, பட்டறைக்கு வேலை கொடுக்க வந்த ஒருவர் சைகையில் பேச, இவன் விழிக்க, அவர் இவனைக் கையோடு கடற்கரைக்கு அழைத்துப் போனாராம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் காது கேளாதவர்கள் அங்கே கூடுவார்கள். அங்கேதான் சேகர் மொழி கற்றான். செல்வியையும் அங்கேதான் பார்த்தான். இதெல்லாம் எனக்குக் கடிதத்தில் ஒரு வரியாக வந்தது. அவனுக்குச் சேக்காளிகள் கிடைத்தார்கள் என்று சந்தோஷப்பட்டதாகப் பதில் எழுதினேன். உண்மையில் அந்த வாரம் முழுக்க எனக்கு எதுவும் பிடிக்கவில்லை.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமை எங்களையும் அழைத்துப் போனான். கடற்கரைச் சாலையில், பாறைகளுக்கு மேலே உள்ள சுவரோரம் இருபது பேர் இருக்கும். குருசுக்குப்பத்து மீன்காரப் பெண் ஒருத்தி, அரியாங்குப்பத்திலிருந்து பைக்கில் வந்த இரண்டு தையற்காரர்கள், காலேஜ் படிக்கும் பெண்கள். தாராவை நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். அவள் கற்றது பிரெஞ்சுக்காரர்களின் சைகை, இவர்களுடையது வேறு. இருந்தும், புரியாத இடத்தில் இருவரும் நின்று, முகத்தைச் சுளித்து, வேறு மாதிரி காட்டி, பிடித்துவிடுகிறார்கள். என் மகளின் முகத்தில் அத்தனை அசைவு உண்டென்று எனக்குத் தெரியாது. வீட்டில் அவள் தோளைக் குலுக்குவாள், அவ்வளவுதான்.

நான் செல்வியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருந்தேன். சேகர் ஏதோ கதை சொன்னான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் தம்பி நகைச்சுவைக்காரன் என்பது ஐம்பத்து நான்கு வருடத்தில் எனக்கு வந்த புதுச் செய்தி. எங்களுடைய நூறு சைகையில் வேடிக்கைக்கு இடம் இருந்ததில்லை.

அப்போது நடந்து போன ஒருவர் தன் பையனிடம், "எல்லாம் ஊமைங்கடா, வா" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை, மரத்தைக் காட்டி மரம் என்று சொல்வதுபோலச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் அது என் காதில் மட்டும்தான் விழுந்தது. தாரா தள்ளி நின்றாள். சின்ன வயதாயிருந்தால் கல்லெடுத்திருப்பேன். இன்று, இருபது பேர் சிரிப்பில் ஒரு மடிப்புகூட விழவில்லை. அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு என் காவலும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பத்தாவது வரை படித்தவள். எனக்கு எதையாவது சொல்ல வேண்டுமென்றால் போனில் தமிழில் தட்டிக் காட்டுவாள். அன்று காட்டியது இது:

"தாரா லியோன் போற வருத்தமா அக்கா?"

லியோன் பிரான்சிலேயே, நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் ரொம்ப தூரம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்பப் போறா?" என்று தட்டினேன்.

செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுதியதை அழித்தாள். பிறகு மெல்லத் தட்டினாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். ஏப்ரல்ல. வேலை, கூட இருக்கப்போற பையன் எல்லாம் சொல்லிட்டா. அவர் மாமா இல்லியா, அதான் முதல்ல அவர்கிட்ட சொல்லிருப்பா."

சாத்திய கதவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் என் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வருடமாக, சேகரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவனுக்கு அவளுடைய காதலன் பெயர் தெரியும். அவள் எந்த ஊரில் வாழப் போகிறாள் என்று தெரியும். எனக்கு அவள் காலையில் காப்பி குடித்தாளா என்பது மட்டும் தெரியும்.

யார்மேல் பொறாமை என்றுகூட என்னால் பிரிக்க முடியவில்லை. தம்பியை மகள் எடுத்துக்கொண்டாள். மகளைத் தம்பி எடுத்துக்கொண்டான்.

5

ஒரு வாரம் ஆன பிறகு, மாடியில் துணி உலர்த்தும்போது தாரா சொன்னாள். "மமோன், மாமாவைக் கூப்பிட நீ வாயைப் பொத்துறியே, அதை விட்டுடு."

"அதாண்டி அவன் பேரு."

"அது பேர் இல்ல. ஊமைன்னு அர்த்தம். நீ வந்த அன்னைக்கு வாசல்லயே செஞ்ச. நீ அந்தப் பக்கம் போனதும் செல்வி மாமி அழுதாங்க."

எனக்குக் கோபம் வந்தது. "அம்மா செஞ்சா, அப்பா செஞ்சாரு, அவனே தன்னை அப்படித்தான் காட்டிப்பான். நேத்து கத்துக்கினு வந்த நீ எனக்குச் சொல்லித் தரியா?"

"அவருக்கு வேற சைகை இல்லாதப்ப அப்படிக் காட்டினாரு. இப்ப அவருக்குப் பேரு இருக்கு." தாரா ஆள்காட்டி விரலால் இடது புருவத்தை ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். சேகரின் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. கடற்கரை நண்பர்கள் அதைவைத்து அவனுக்கு வைத்த பெயர் அது. இருபத்தேழு வருடமாக ஊரில் பாதிப் பேர் அவனை அந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள், நான் பொத்திய கையோடு நின்றிருக்கிறேன்.

கீழே போய் செல்வியின் போனை வாங்கினேன். "நான் செய்றது தப்பா?" என்று தட்டினேன்.

அவள் நீண்ட நேரம் எழுதினாள். "தப்புன்னு தெரிஞ்சு நீங்க செய்யல. எனக்குத் தெரியும். நான் படிச்ச ஸ்கூல்ல பழைய போர்டு இருந்துது. செவிட்டூமையர் பள்ளின்னு. நான் சேந்தப்ப அது மேல பெயிண்ட் அடிச்சி காது கேளாதோர் பள்ளின்னு எழுதிட்டாங்க. மழை பேஞ்சா பழைய எழுத்து தெரியும். பசங்க அத ஆணியால சொரண்டுவோம். காது கேக்காது, அது உண்மை. ஊமை பொய். பேச மொழி இல்லாதவன்தான் ஊமை. எங்களுக்கு மொழி இருக்கு."

பிறகு இன்னொரு வரி சேர்த்தாள். "அவருக்கு மட்டும் லேட்டா கிடைச்சிது."

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஏன் லேட்டாகக் கிடைத்தது என்பது உலகத்தில் ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

6

புறப்பட மூன்று நாள் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, சேகர் கை துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தான். தாராவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். செல்வி கதவருகே நின்றாள்.

அவன் கைகள் பேசின. தாரா அவற்றைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

"எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு வந்தாங்க. ஒரு போட்டோ காட்டினாங்க. அதுல என்னை மாதிரி பசங்க, யூனிஃபார்ம் போட்டு, எல்லார் கையும் அசைஞ்சிக்கினு இருந்துது. எனக்குப் புரிஞ்சிது. அப்பா உன்னை, என்கிட்ட கேக்கச் சொன்னாரு. நீ கேட்ட. நான் பதில் சொன்னேன். உள்ள போயி சட்டையெல்லாம் பையில வச்சிக்கினு வந்தேன். அந்தம்மா போயிட்டாங்க. திரும்ப வரவே இல்ல."

அவன் ஒருமுறை செல்வியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தொடர்ந்தான்.

"ஊமைக்கு எதுக்குப் படிப்புன்னு அப்பா அனுப்பலைன்னு நெனச்சேன். அவர் செத்தப்ப நான் கொள்ளி வைக்கல. ஏன்னு யாரும் கேக்கல. போன வருஷம் தாராகிட்ட இதைச் சொன்னேன். அப்பாவை எனக்குப் பிடிக்காதுன்னு. அவ சொன்னா, எங்க அம்மாகிட்டக் கேளுங்க, நடுவுல இருந்தது அவங்கதானேன்னு. அதான் கேக்கறேன். அன்னைக்கு நான் இன்னா சொன்னேன்? நீ அப்பாகிட்ட இன்னா சொன்ன?"

அப்பா இறந்தபோது நான் இங்கே இருந்தேன். விடுப்புக் கிடைக்கவில்லை. போனில் சித்தப்பா சொன்னார், "ஊமப் புள்ள, பயந்துட்டான், என் மவன் வச்சான்." நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். பேசாத பிள்ளைக்குக் கோபம் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்து எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிவிட்டோம்.

அந்த நிமிடத்தில் நான் மறுபடியும் பொய் சொல்லியிருக்கலாம். அப்பா வேண்டாமென்றார் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சாட்சி யாருமில்லை.

"போறேன்னுதான் சொன்னான்" என்றேன் தாராவிடம். "கையால பஸ்ஸு காட்டுனான், இப்பவே போலாம்னு. நான்தான் அப்பாகிட்ட, வரமாட்டேங்கறான்பா, அழறான்னு சொன்னேன்."

தாராவின் கைகள் மடியிலேயே இருந்தன. "மமோன், நிஜமாவா?"

"சொல்லு. நான் சொன்னத மாத்தாம சொல்லு."

அவள் சொன்னாள். சேகர் அவள் கையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்டான். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

"அந்த டீச்சரம்மா வந்த அஞ்சு நிமிஷத்துல அவனைச் சிரிக்க வச்சா" என்றேன். "கையால என்னமோ காட்டுனா, இவன் குதிச்சான். என்கிட்ட அப்படிச் சிரிச்சதில்ல. எனக்குப் பொறுக்கல. அவன் படிச்சிட்டா என்னை யாரு கேப்பாங்கன்னு இருந்துது. அப்பா நல்லவருடா. அனுப்பணும்னுதான் இருந்தாரு. எனக்குத்தான் பொறாமை."

கடைசி வார்த்தைக்குத் தாராவுக்கு அவர்களுடைய சைகை தெரியவில்லை. செல்வியைப் பார்த்து உதடுகளால் கேட்டாள். கதவருகிலிருந்து செல்வி காட்டினாள். தாரா அதைத் தன் கையில் வாங்கி சேகரிடம் சொன்னாள். என் மனத்தில் இருந்தது அப்படி இரண்டு பேர் கை மாறி அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

சேகர் பேசத் தொடங்கினான். தாராவிடம் அல்ல, என்னிடம். மூன்று நிமிடம் இருக்கும். கைகள் வேகமாகப் போயின, ஓர் இடத்தில் நின்றன, மறுபடி கிளம்பின. அவன் கண் என்னைவிட்டு அகலவில்லை. பிறகு எழுந்து பட்டறைக்குப் போனான். கம்பிரசர் ஓடும் சத்தம் கேட்டது.

"இன்னா சொன்னான்?" என்றேன்.

தாரா தரையைப் பார்த்தாள். "பரவாயில்ல, நீ அப்ப சின்னப் பொண்ணுன்னு சொன்னாரு."

தமிழில் சொன்னாள். மூன்று நிமிடப் பேச்சு அவ்வளவு சின்னதாக முடியாது. சொல்வதற்கு முன் தரையைப் பார்க்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. அவள் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாள், தெரியும். ஆனால் அவன் எனக்கென்று சொன்ன முதல் முழுப் பேச்சு அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. அந்த நேரத்திலும் அதுதான் என்னை அரித்தது.

7

மீதி மூன்று நாளும் சேகர் என்னை ஒதுக்கவில்லை, நெருங்கவுமில்லை. மீன் வாங்கி வந்தான். டாக்சி ஏற்பாடு செய்தான். தாரா இன்னும் மூன்று வாரம் அங்கேயே இருக்கப் போவதாகச் சொன்னாள், பள்ளியில் விடுப்பு சொல்லிவிட்டாளாம். நான் தனியாகப் புறப்பட்டேன். காலாப்பட்டு தாண்டும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த வீட்டில் இப்போது மூன்று பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு சென்னை வரை கூட வந்தது.

இங்கே வந்ததும் செல்விக்குச் செய்தி அனுப்பினேன். அன்று அவன் சொன்னது என்ன என்று எழுதச் சொல்லிக் கேட்டேன். பதில் வந்தது. "நான் சொல்ல மாட்டேன் அக்கா. அவர்கிட்டயே கேளுங்க. வேணும்னா தினம் ஒரு வீடியோ அனுப்பறேன், கத்துக்கங்க." சொன்னபடி அனுப்புகிறாள். தண்ணீர், நேற்று, நினைவு, மறுபடி, மெதுவாக. கேன்டீனில் பிள்ளைகள் வருவதற்கு முன் கிடைக்கும் பத்து நிமிடத்தில், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று பழகுகிறேன். கூட வேலை செய்யும் மாலி நாட்டுப் பெண் ஃபத்தூ, கை வலிக்கிறதா என்று கேட்டாள். என் விரல்கள் கட்டையாகிவிட்டன. ஒரு வார்த்தைக்கு மூன்று நாள் ஆகிறது.

மெரியிலிருந்து அந்தக் காகிதம் வந்துவிட்டது. டாக்டர் சான்றிதழை மட்டும் தேவையில்லை என்று தனியே இணைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அம்மா ஒட்டிய தாள் என்பதால் கிழிக்க மனம் வரவில்லை. கோடையில் வருவாயா என்று சேகரிடம் இன்னும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, தாரா அங்கிருந்து கிளம்புவதற்கு முன்தினம், இங்கே காலை பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். சேகர் பட்டறையில் இருந்தான். நான் கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பழகிய வாக்கியத்தைக் கைகளால் சொன்னேன். அன்று நீ சொன்னது எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல். நடுவில் ஒரு சைகை தவறிப்போய் மறுபடி தொடங்கினேன். அவன் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு போனை ஒரு பெயிண்டு டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான், எனக்கு அதுவும் வேகம். அவ்வளவு பேச்சில் ஒரே ஒரு சொல் புரிந்தது. அப்பா. மற்றதெல்லாம் வெறும் கையாகவே போயிற்று.

"நான் சொல்லவா மமோன்?" என்று தாராவின் குரல் எங்கிருந்தோ கேட்டது.

வேண்டாம் என்றேன். மறுபடி, என்று அவனிடம் கேட்டேன். அவன் விரலில் ஒட்டியிருந்த பெயிண்டை லுங்கியில் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினான்.